மூன்றைச் சுற்றினால் சமையலறை

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிய காப்பீட்டு நிறுவனம், இனி அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பொறுப்பையும் சேர்த்து அக்கா தலையில் கட்டிவிட்டது. வேலையில் இருந்தவரை, மோதி நசுங்கின கார்களைச் சுற்றி வந்து, இது பழைய சொட்டை, இது புதுச் சொட்டை என்று பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர் அவர். மற்ற வீடுகளில் ஓய்வு பெற்ற ஆண்கள் செடி வளர்ப்பார்கள், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள், மிஞ்சிப்போனால் மருமகளிடம் குற்றம் கண்டுபிடிப்பார்கள். இவர் பழைய டயல் போன் சேர்க்க ஆரம்பித்தார். ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றினால் கரகரவென்று திரும்பி வருமே, அந்தப் போன்.

முதல் போன் வந்தபோது அழகுக்கு என்றார். இரண்டாவது வந்தபோது ஜோடிக்கு என்றார். அதற்குப் பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். கறுப்பு, பச்சை, தந்த நிறம், சுவரில் மாட்டுவது, மேசையில் உட்காருவது என்று முன்னறை முழுக்க அடைத்துக்கொண்டது. அலமாரியில் இருந்த புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. ஜன்னல் திண்டில் இருந்த செடிகள் வாசலுக்குப் போயின. விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் ஒரு போன் உட்கார்ந்தது.

"இதுல ஒண்ணாவது பேசுமா?" என்று அக்கா கேட்டாள்.

"பேசறதுக்கு இல்லம்மா, பார்க்கறதுக்கு."

"பேசவும் வராம பார்க்கவும் சகிக்காம வீட்டுல ஒண்ணு ஏற்கெனவே இருக்கே, அது போதாதா?"

வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் காது அந்த மாதிரி விஷயங்களுக்கு என்றைக்கோ பழகிவிட்டது.

அக்காவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் கழிப்பவள் அவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் காதில் விட வேண்டிய சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். மீதிப் பேர் அதை ஊரெல்லாம் கேட்கச் சண்டை போடுவார்கள். அதனால் உலகம் மொத்தமும் முட்டாள்களால் ஆனது, தப்பிப் பிறந்தவர்கள் இரண்டு பேர்தான், ஒன்று தான், இன்னொன்று தன் தங்கை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். யாரையாவது மட்டம் தட்டாவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வகையில் வீட்டுக்காரர் அவளுக்குப் பெரிய வசதி. தேடிப் போக வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் தனியாகக் கெடவில்லை. டயல் போன் ஆர்வலர் பேரவை என்று ஒன்று இருந்தது. பேரவை என்று பேர் வைத்துக்கொண்டாலும் ஒரு காரில் அடங்கிவிடுகிற கூட்டம். அதிலும் பிளவு. பழைய போனைத் துடைக்கலாமா கூடாதா என்பதில் வந்த தகராறு. துடைத்து மெழுகு போட்டால்தான் மரியாதை என்று ஒரு கட்சி. பேக்லைட் என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் மேல் படிந்த அழுக்கும் அந்தப் போனின் வரலாறுதான், அதைத் துடைப்பது பாவம் என்று இன்னொரு கட்சி. வார்த்தை முற்றி, துடைக்கிறவர்கள் தனியாகப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் செருப்புக் கடைக்குள் நுழைந்து ஒளிந்துகொள்வார்கள். வயசு எல்லாருக்கும் அறுபதுக்கு மேல்.

வீட்டுக்காரர் துடைக்காத கட்சி. முன்னறைக்குள் துடைப்பம் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டார். அழுக்கைத் துடைக்காமல் இருப்பதுதான் கொள்கை என்றால், கல்யாணமான நாளிலிருந்தே இந்த மனுஷன் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்தான் என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

அதுவரை எல்லாம் சிரிப்போடு போயிற்று. தங்கை விழுந்தாள்.

தங்கை நூலகத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் தலைவாரி, சோறு ஊட்டி, படிக்க வைத்து ஆளாக்கினாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது தங்கையின் சுபாவம். கதவைத் தட்டுவதற்கு முன் தட்டலாமா என்று யோசிக்கிற ரகம். எப்போதும் மெல்லப் பேசிப் பேசி, அவசரத்துக்குக்கூடக் குரல் எழும்பாது. அப்படிப்பட்டவள் நூலகத்தில் புதிதாகத் துடைத்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். சட்டைப்பையில் இருந்த செல்போன் அவளுக்கு அடியில் அகப்பட்டு அதுவும் நொறுங்கிப் போயிற்று.

தகடு வைத்துத் திருகாணி போட்டுத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆள் துணை இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட யாராவது பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும். இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா தகடு நகர்ந்துடும். அப்புறம் சொந்தக் கால்ல நடப்பாங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது."

"என் வீட்டுலதான் இருக்கப் போறா, டாக்டர். நான் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் கீழே இரண்டு அறை. அக்காவும் வீட்டுக்காரரும் படுக்கிற அறைக்குக் குளியலறை பின்பக்கம், படி இறங்கிப் போக வேண்டும். முன்னறைக்கு மட்டும்தான் உள்ளேயே குளியலறை, சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். நோயாளிக்கென்றே கட்டினது போன்ற அறை. அதில் போன்கள் குடியிருந்தன.

"முன்னறையைக் காலி பண்ணுங்க" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அது எப்படிம்மா? ஆள் படுத்தா மூச்சு விடுவாங்க. மூச்சுல ஈரம் இருக்கு. உள்ள இருக்கிற கம்பியெல்லாம் பச்சை பூத்துடும். அதுவும் இப்போ பேரவைத் தலைவர் நேர்ல வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கிற நேரம்."

"என் தங்கச்சி மூச்சு விடறது உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

இந்த இடத்தில் தங்கை குறுக்கே புகுந்து காரியத்தைக் கெடுத்தாள். "எனக்கு மாடி அறையே நல்லா இருக்கும்க்கா. வெளிச்சம் வரும். அங்கயும் பாத்ரூம் இருக்குல்ல" என்றாள். சொல்லிவிட்டு, அத்தான் மனசு நோகக் கூடாதே என்று ஒரு சிரிப்பு வேறு. அவளை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். தூக்கினவர்களில் வீட்டுக்காரரும் ஒருத்தர். அதைச் செய்ததற்கு ஒரு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாடியிலிருந்து கூப்பிட ஒரு வழி வேண்டுமே. புது செல்போன் ஒன்று வாங்கிவிடலாம் என்றாள் அக்கா. வீட்டுக்காரருக்கு அப்படிச் சிரிப்பு வந்தது.

"வீட்டுல இத்தனை போனை வச்சுக்கிட்டுக் கடையில போய் ஒரு போன் கேட்டா, கடைக்காரன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"இப்போ மட்டும் உசத்தியா நினைக்கறானாக்கும்."

ஆனால் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய குப்பைக்கு ஒரு உபயோகம் கிடைத்திருக்கிறது, விடுவாரா? பழைய அலுவலகம் ஒன்றிலிருந்து கிடைத்த, போன்களை ஒன்றோடொன்று இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். வீடெல்லாம் கம்பி இழுத்தார். தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போன், அக்காவின் படுக்கையறையில் ஒன்று, சமையலறைச் சுவரில் ஒன்று, முன்னறையில் ஒன்று. இரண்டைச் சுற்றினால் படுக்கையறை. மூன்றைச் சுற்றினால் சமையலறை. நான்கைச் சுற்றினால் முன்னறை. டயல் திரும்பி வரும்போது எத்தனை 'டக்' விழுகிறதோ அத்தனையை எண்ணிப் பெட்டி சரியான இடத்தில் மணியடிக்கும். மூன்று டக்குக்குச் சமையலறை, நான்கு டக்குக்கு முன்னறை. இதைத் தங்கைக்கு மூன்று தடவை விளக்கினார். அவள் மூன்று தடவையும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டாள்.

வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். தங்கை மூன்றைச் சுற்றுவாள், சமையலறைச் சுவரில் மணி அடிக்கும், அக்கா மாடிக்கு ஓடுவாள். வீட்டுக்காரர் ஒவ்வொரு மணிக்கும் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கையோடு ஒரு செல்போன் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று.

தலைவர் வருகிற நாளும் வந்தது.

காலையில் வீட்டுக்காரர் ஒரு சின்னத் திருப்புளியும் துணியில் சுற்றிய ஒரு வட்டத் தகடும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அக்கா தங்கைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"இப்போ என்ன?"

"இந்தப் போன் உடம்பு ஒரு குளிர் தேசத்துல செஞ்சது. அங்கெல்லாம் டயல்ல சுழியம்தான் முதல்ல வரும். சுழியம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போகும். நம்மகிட்ட வந்தப்போ எவனோ முகத்தை மாத்தி, ஒண்ணுல ஆரம்பிக்கிற தகட்டைப் போட்டுட்டான். தலைவர் மாடிக்கு வந்து பார்த்தா மானம் போயிடும். சரியான முகம் நேத்துதான் கிடைச்சுது."

"முகத்தை மாத்தறதுன்னா அதுல போய் ஏன் ஆரம்பிக்கறீங்க?" என்று அக்கா கேட்டாள். தங்கை வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எண்கள் எழுதிய தகட்டை மட்டும் கழற்றிவிட்டுக் கொண்டுவந்ததை மாட்டினார். ஒரு தடவை சுற்றிவிட்டு, திரும்பி வருகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மணி எங்கே அடிக்கிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. போன் என்பது யாரையாவது கூப்பிடுவதற்கு என்ற ஞாபகமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

தலைவர் வந்தார். கூடவே பல் டாக்டர் ஒருத்தரும், பேர் சொல்லிக்கொள்ளாத இன்னும் இரண்டு பேரும். தலைவர் ஒல்லியாக உயரமாக இருந்தார். காரை விட்டு இறங்கும்போதே வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வாசலில் அக்கா வணக்கம் சொன்னதற்கு, கையுறை அழுக்காகிவிடும் என்பது போல மோவாயை மட்டும் அசைத்தார். அழுக்கைத் துடைக்கக் கூடாது என்ற கட்சியின் தலைவருக்குத் தன் கையில் மட்டும் அழுக்குப் படக் கூடாது. அக்கா அதை அப்போதே மனசில் குறித்துக்கொண்டாள், பிறகு சொல்லிச் சிரிக்க ஆகும் என்று.

"தலைவர் டீ குடிக்க மாட்டார். பழச்சாறு மட்டும்தான். ஐஸ் வேண்டாம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்று வீட்டுக்காரர் சமையலறையில் வந்து கிசுகிசுத்தார்.

"கையுறையைக் கழட்டிட்டுக் குடிப்பாரா, இல்ல நான் ஊட்டி விடணுமா?"

"மெதுவாப் பேசும்மா."

அக்கா பழத்தை உரிக்க உட்கார்ந்தாள். மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஒன்றும் வேண்டாம், நீ போய் வந்தவங்களைக் கவனி என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா விதைகளை எடுத்துக்கொண்டே முன்னறைப் பேச்சைக் கேட்டாள். 'ஆமை'யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆமை என்பது வீட்டுக்காரரின் செல்லப் போன். கறுப்பாக, முதுகு வளைந்து, வயிற்றுக்கடியில் இரண்டு பித்தளை மணியோடு இருக்கும். தலைவர் வருகிறார் என்பதற்காக முன்னறை இணைப்பை அதற்குக் கொடுத்து நடுமேசையில் வைத்திருந்தார்.

அப்போது ஆமை அடித்தது.

கணீரென்று வீடே அதிர்ந்தது. அக்கா தன்னையறியாமல் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்த போன் பேசாமல் இருந்தது. அவளுக்கு ஒரு வினாடி பதறின மனசு உடனே அடங்கி, எரிச்சலாக மாறிற்று. வித்தை காட்ட ஆரம்பிச்சாச்சு என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து 'ஆஹா' என்று ஒரு குரல். 'தொடாதீங்க, தொடாதீங்க' என்று இன்னொன்று. மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அஞ்சு கிழங்கள் ஒரு மணியைச் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதை நினைத்தபோது அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. மாடியில் ஒருத்தி இடுப்பு உடைந்து கிடக்கிறாள், இங்கே கச்சேரி. சாயங்காலம் பக்கத்து வீட்டில் போய் இதை எப்படிச் சொல்லலாம் என்று வாக்கியம்கூட அமைத்துவிட்டாள்.

மணி நிற்கிற வழியாக இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீடெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஐயோ, அதை நிறுத்தித் தொலைங்களேன்! காது போகுது!"

முன்னறையில் சிரிப்புச் சத்தம். பிறகும் ஒன்றிரண்டு தடவை அடித்துவிட்டு மணி நின்றது. சொன்னால்தான் புத்தி வருகிறது என்று அக்கா பழச்சாற்றுக்குச் சர்க்கரை போட்டாள். வேண்டுமென்றே கொஞ்சமாகப் போட்டாள்.

முன்னறையில் நடந்தது பிறகு பல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மணி அடித்ததும் வீட்டுக்காரர் ரிசீவரை எடுக்கப் போயிருக்கிறார். தலைவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். எடுத்தால் மணி நின்றுவிடுமே. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். இடது மணிக்கும் வலது மணிக்கும் சுருதியில் வித்தியாசம் இருக்கிறது, மணிக்குள் வெள்ளி கலந்திருக்கிறது, இல்லை கலக்கவில்லை என்று விவாதம் வேறு. யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் இது வீட்டுக்காரரின் ஏற்பாடு என்று நினைத்தார்கள். வீட்டுக்காரர், தன் மனைவிதான் கடைசியில் மனம் இளகி, விருந்தாளிகள் சந்தோஷப்படட்டும் என்று சமையலறையிலிருந்து சுற்றுகிறாள் என்று நினைத்தாராம். அவள் கத்தினது காதில் விழுந்த பிறகும், அது தமாஷுக்கு என்று நினைத்தாராம். இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அக்கா பழச்சாற்றைக் கொடுத்துவிட்டு, தங்கைக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கட்டில் காலியாக இருந்தது. தங்கை குளியலறை வாசலில் தரையில் கிடந்தாள். ஒரு கால் இருக்கக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. உடுத்தியிருந்தது நனைந்திருந்தது. அக்காவைக் கண்டதும் அதைத்தான் முதலில் கையால் மூடப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"மூணுதான்க்கா சுத்தினேன். ரொம்ப நேரம் அடிச்சுச்சு. யாரும் எடுக்கல" என்றாள்.

அக்கா போனைத் திரும்பிப் பார்த்தாள். சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று என்று எழுதியிருந்தது நான்காவது ஓட்டை. நாலு டக். நாலு டக்குக்கு முன்னறை. டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் திரும்புவதற்கு இடம் வேண்டி, முன்னறையில் கிடந்த போன்களைக் காலால் தள்ளினார்கள். தலைவர் ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். பாவம், அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே. கிளம்பும்போது, "மணி ரொம்ப நல்லா இருக்கு. இப்படி ஒரு மணி நான் கேட்டதில்ல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

தகடு நகர்ந்திருந்தது. மறுபடி திறந்து, மறுபடி திருகாணி போட்டார்கள். எலும்பு டாக்டர் இந்தத் தடவை அக்காவைத் தனியாகக் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தங்கை முகத்தைப் பார்த்தே சொன்னார். கால் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. நூலகத்தில் ஏணியில் ஏறுவதெல்லாம் இனி கிடையாது. தங்கை, "பரவாயில்ல டாக்டர், உங்களுக்குத்தான் ரெண்டு தடவை சிரமம்" என்றாள்.

அக்கா வெளியே வந்து, வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் கொட்டினாள். நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரர்களிடம், நூலகத்திலிருந்து பார்க்க வந்தவர்களிடம். கையுறையைச் சொன்னாள், துடைக்காத கட்சியைச் சொன்னாள், மணியில் வெள்ளி இருக்கிறதா என்று ஆராய்ந்ததைச் சொன்னாள். "ஒரு மனுஷி உதவிக்குக் கூப்பிடறா, இவனுங்க சுருதி பார்த்துட்டு உட்கார்ந்திருக்கானுங்க" என்றாள். நன்றாகவே சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சிலர் அடக்க முடியாமல் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் தான் பழம் உரித்துக்கொண்டிருந்ததோடு நிறுத்திக்கொண்டாள். கத்தினதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தெல்லாம் செய்யவில்லை. நாக்கு தானாகவே அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று.

வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கையில் பழப்பை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"முன்னறையைக் காலி பண்ணிட்டேன்மா. எல்லாத்தையும் பெட்டியில போட்டு வெளிய தூக்கிக் கொடுத்தாச்சு. தரையெல்லாம் கழுவி விட்டுட்டேன். கட்டில் போட்டாச்சு."

"இடுப்பு போனதுக்கப்புறம் கட்டிலா? ரொம்ப சீக்கிரம்" என்றாள் அக்கா. "இதுக்கும் உங்க தலைவர்கிட்ட உத்தரவு வாங்கினீங்களா?"

தங்கை அவரை உட்காரச் சொன்னாள். பிறகு அக்காவைப் பார்த்து, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் இங்கருந்து நேரா நூலகத்துல கூட இருக்கறவ வீட்டுக்குப் போயிடறேன். அவ தனியாத்தான் இருக்கா. மாடி கிடையாது. ஒரே அறைதான். பேசிட்டேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவளோ ஒருத்தி வீட்டுக்கா? நான் உன்னை வளர்த்தவடி. இந்த ஆளாலதானே? இந்த ஆளை வேணா நான் வெளிய அனுப்பறேன். எங்கயாவது போய் மணி அடிச்சுட்டுக் கிடக்கட்டும். காது இருந்தும் செவிடு. கேட்டும் கேட்காத ஜன்மங்கள். அதுங்களுக்காக நீ ஏன் போகணும்?"

தங்கை போர்வை நுனியைச் சரிசெய்தாள். "சமையலறைக்குக் கேட்கலையாக்கா?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஒரு புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டாள்.

அக்கா போர்வையின் இன்னொரு நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

வீட்டுக்காரர்தான் பேசினார். "அவளுக்கு எப்படிம்மா கேட்கும்? மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு. கதவையும் நான்தான் சாத்தி வச்சிருந்தேன், சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு." அவர் அக்காவைப் பார்க்கவில்லை. பழப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். கார் சொட்டையில்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மிக்ஸி அப்போது ஓடவில்லை. கதவும் சாத்தியிருக்கவில்லை. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் கையால் ஒரு உதவி வாங்குகிற நிலைமை வந்ததே என்று அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆமா. மிக்ஸி" என்றாள்.

தங்கை இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கத்தினது மேல கேட்டுச்சுக்கா. நிறுத்தித் தொலைங்களேன்னு சொன்னியே. என்னைத்தான் சொல்றேன்னு நினைச்சேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற நேரத்துல விடாம அடிச்சுட்டேனே, உனக்குக் கோபம் வந்துடுச்சு போலன்னு நினைச்சு வச்சுட்டேன். அதான் நானே எழுந்துக்கலாம்னு பார்த்தேன். தப்பு என் மேலதான். ரெண்டு தடவை அடிச்சதோட விட்டிருக்கணும்."

அக்கா பழக்கதோஷத்தில் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் பழத்தை உரித்து, விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டுவதற்கு எவ்வளவு தேடியும் அவளுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.